நூற்றுக்கு எண்பத்தொன்று

வேளச்சேரி, மூன்றாவது மாடி.
லிஃப்ட் குழிக்குள் இன்னும் போன மழையின் வாடை.
வசுமதி சாப்பாட்டு மேசையைத் துடைத்து முடிக்க
நான் நோட்டை விரிக்கிறேன்.

வெள்ளத்தில் முங்கிய கார்களுக்கு
மதிப்புப் போடுவது என் தொழில்.
சீட்டுக்கு அடியில் விரலை விட்டால் போதும்,
சேறு எதுவரை ஏறியதென்று சொல்லிவிடுவேன்.
டேஷ்போர்டைத் தாண்டியிருந்தால்
மொத்த நஷ்டம். ஒரு வரி, ஒரு கையெழுத்து.
அப்படித்தான் ஒரு ராத்திரி
சொந்த வீட்டுக்கும் மதிப்புப் போட்டுப் பார்த்தேன்.
கரண்ட் போய் நான்காம் நாள்.
சுற்றிலும் தண்ணீர், குடிக்கச் சொட்டில்லை.
கயிற்றில் நாங்கள் இறக்கிய வாளியில்
படகிலிருந்து யாரோ
இரண்டு பால் பாக்கெட்டும் ஒரு மெழுகுவத்தியும் போட்டார்கள்.
இந்த நோட்டின் முதல் பக்கம்
அந்த மெழுகுவத்தி எழுதியது.

கோடையில் கிணறு: இருபது.
ஏரி உடைந்தால் தண்ணீர் போகும் திசை: இருபது.
மண்ணுக்குப் பதினைந்து,
பட்டா வில்லங்கத்துக்குப் பதினைந்து,
அக்கம்பக்கத்துக்கும் அதே.
கல்பாக்கம் எத்தனை தூரம் என்பதற்குப் பத்து
(வசுமதி சிரித்தாள், ஆனால் அடிக்கவில்லை).
மிச்சமிருந்த ஐந்தை
ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தோம்.

ஞாயிறுதோறும் ஹெல்மெட், தண்ணீர் சோதிக்கும் மீட்டர், கட்டுச்சோறு.
ஓர் ஊரில் தண்ணீர் உப்பு.
ஓர் ஊரில் ஏரிக்குள்ளேயே
மஞ்சள் பெயின்ட் அடித்த பிளாட் கற்கள்.
இன்னோர் ஊரில் மண் வெல்லம் மாதிரி, பட்டா சுத்தம்;
சொம்பை நீட்டுவதற்கு முன்னால்
"நீங்க எந்த ஆளுங்க?" என்றார்கள்.
அக்கம்பக்கம் என்ற கட்டத்தைப் பார்த்தபடி
வசுமதி பேனாவை மூடினாள்.

பிறகு செய்யூர் பக்கம், ஏகாம்பரத்தின் நிலம்.
ஒரு ஏக்கர் இருபது சென்ட், மேடு.
மே மாதத்தில் பதினெட்டடியில் தண்ணீர்,
உள்ளே குனிந்தால் என் முகம்.
கரை உடைந்தாலும் மேற்கே போயிடும் சார் என்றார்;
டியூபில் மட்டம் பிடித்துப் பார்த்தோம், நிஜம்.
வரப்பில் உட்கார்ந்தே கூட்டினேன்: எண்பத்தொன்று.

"ஏன் விக்கிறீங்க?"

மோட்டார் ஒயரைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்:
"அஞ்சலாட்சிக்கு வாரம் மூணு வாட்டி
ரத்தம் சுத்தம் பண்ணணும்.
நாலு மணிக்கு எழுந்தா பஸ்ஸு.
மெஷின் ரிப்பேர்னா செங்கல்பட்டு.
போன மழைக்கு ரோடு அறுந்து ரெண்டு நாள் தவறிப்போச்சு,
கால் இப்படி வீங்கி…"
அவர் கை காற்றில் ஓர் அளவு காட்டியது.
"பட்டணத்துல வீடு பாத்துட்டேன்.
ஆஸ்பத்திரி நடக்குற தூரம். கீழ்வீடு.
வேளச்சேரி."

காலண்டர் தாளின் பின்பக்கம்
அவரும் எழுதி வைத்திருந்தார்:
வாடகை, பஸ், குழாய், ஆஸ்பத்திரி.
நூறுக்கெல்லாம் கூட்டவில்லை. ஒன்றை மட்டும்
இரண்டு முறை சுழித்திருந்தார்.

"அங்க மழையில தண்ணி நிக்குமா சார்?"

எத்தனையோ பேர் என்னிடம் கேட்ட கேள்வி.
வாய் வரவில்லை. வசுமதிதான்,
"மாடி வீடு பாருங்களேன்" என்றாள்.
"அவளால ஏற முடியாதும்மா. லிஃப்ட் இருக்குமா?"
"இருக்கும்," என்றாள்,
"மழைக்கு நிறுத்திடுவாங்க."

இப்போது மேசையில்
அந்த ஐந்தை ரப்பரால் தேய்த்துக்கொண்டிருக்கிறாள்.
தாள் மெலிந்துவிட்டது.
வேறு எண் எதுவும் அவள் எழுதவில்லை.

டேப்பை எடுத்துக்கொண்டு
அவர் சொன்ன தெருவுக்கு நடந்தேன்.
பூட்டிய கீழ்வீடு, புதுப் பெயின்ட்.
பெயின்ட்டுக்கு அடியில் இருந்த கோட்டை
விரல் கண்டுபிடித்தது.
ஃபோன் போட்டேன்.
"நாலடி, ரெண்டு அங்குலம்."

அந்தப் பக்கம் மோட்டார் ஓடும் சத்தம்.
கொஞ்ச நேரம் கழித்து,
"அப்போ கட்டிலை
அஞ்சடிக்குப் போட்டுக்கலாமா சார்?"